முதல் விருப்பம் எது?



க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியான பின்வரும் வாரங்களில் எங்கள் கரையோர ஊர்களிலே ஒரு காட்சியைக் காணலாம். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும், மஃரிபுத் தொழுகை முடிந்த வேளையில், வீட்டு விறாந்தையிலே தந்தையும் பிள்ளையும் அயல்வீட்டுப் பட்டதாரி ஒருவரும் கூடியிருப்பர். நடுவிலே ஒரு கைந்நூல் விரிந்து கிடக்கும். அது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடுகின்ற அனுமதிக் கைந்நூல். எந்தக் கற்கைநெறியை எந்தப் பல்கலைக்கழகத்திலே பயில விரும்புகின்றோம் என்பதை வரிசைப்படுத்தி எழுத வேண்டும். முதலாவது எது, இரண்டாவது எது என்ற வாதம் நள்ளிரவு வரைக்கும் நீளும்.

அத்தகைய இரவு ஒன்றின் மறுநாட் காலையிலே ஒரு தந்தை தம் மகளுடன் என் அலுவலகத்துக்கு வந்தார். "சேர், மகள் சட்டத்தைத்தான் முதலாவதாகப் போட வேண்டும் என்று நிற்கிறாள். போன வருடத்து வெட்டுப்புள்ளிக்கு இவளுடைய புள்ளி சற்றே குறைவு. அதை முதலாவதாகப் போட்டு அது கிடைக்காமற் போனால், இரண்டாவதும் கைநழுவிப் போய்விடாதா? கிடைக்கக் கூடியதை முதலிலே போட்டு உறுதி செய்துகொள்வதுதானே புத்தி?" என்று கேட்டார். மகள் ஒன்றும் பேசவில்லை. தரையைப் பார்த்தபடி நின்றாள்.

இந்தக் கேள்வியை ஆண்டுதோறும் பல பெற்றோர் என்னிடம் கேட்கின்றனர். கேட்காமலேயே தவறான விடையைத் தாமே முடிவு செய்துகொள்வோர் அவர்களினும் அதிகம். ஆதலின் இன்றைய பேச்சிலே இதற்கு விடை கூற முற்படுகின்றேன்.

முதலில் நிலைமையைச் சற்று விளக்குதல் வேண்டும். நம் நாட்டிலே உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைந்து பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுவோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கின்றது. கட்டணமின்றிக் கற்கும் வாய்ப்பு ஆதலால் போட்டி கடுமையாக இருப்பதில் வியப்பில்லை. இந்த இடங்களைப் பகிர்வதற்கு இரண்டு அளவுகோல்கள் உள்ளன. ஒன்று இசட் புள்ளி. மற்றொன்று மாவட்டப் பங்கு.

இசட் புள்ளி என்பது 2001ஆம் ஆண்டிலிருந்து பல்கலைக்கழக அனுமதிக்குப் பயன்பட்டு வருகின்றது. அதன் கருத்து எளிது. ஒரு பாடத்தின் வினாத்தாள் இலகுவாகவும் மற்றொன்றின் வினாத்தாள் கடினமாகவும் அமையலாம். ஆகவே வெறும் புள்ளிகளைக் கூட்டி ஒப்பிடுதல் நியாயமாகாது. ஒரு பாடத்திலே நாடெங்கும் பரீட்சை எழுதியோரின் சராசரி 60 என்றும், புள்ளிகளின் பரம்பலைக் காட்டும் நியம விலகல் 15 என்றும் கொள்வோம். அதில் 75 பெற்ற மாணவன் சராசரிக்கு மேலே ஒரு நியம விலகல் தூரம் நிற்கின்றான். அவனுடைய இசட் புள்ளி 1. மற்றொரு பாடத்திலே சராசரி 40, நியம விலகல் 15 என்றால், அதில் 70 பெற்ற மாணவியின் இசட் புள்ளி 2. எழுபதைந்திலும் எழுபதே இங்கே உயர்ந்து நிற்கின்றது. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளையும் கூட்டிச் சராசரி கண்டால் மாணவரின் இறுதி இசட் புள்ளி கிடைக்கும்.

இனி மாவட்டப் பங்கு. 1974ஆம் ஆண்டிலே புகுத்தப்பட்ட இம்முறை பின்னர்ப் பலவாறு மாற்றம் பெற்றது. இன்றைய ஒழுங்கின்படி, பெரும்பாலான கற்கைநெறிகளின் இடங்களில் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமை வரிசைப்படி நிரப்பப்படும். நூற்றுக்கு 55 நாட்டின் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பகிரப்படும். எஞ்சிய 5 கல்வி வசதி குன்றிய 16 மாவட்டங்களுக்கு உரியது. எங்கள் அம்பாறை மாவட்டம் அந்தப் பதினாறில் ஒன்று. சில கற்கைநெறிகளுக்கு மாவட்டப் பங்கு இல்லை. அவை திறமை வரிசையொன்றினாலேயே நிரப்பப்படும். எவை அவை என்பதைக் கைந்நூல் கூறும்.

வெட்டுப்புள்ளி என்று நாம் பேசுவது, ஒரு மாவட்டத்திலிருந்து ஒரு கற்கைநெறிக்குக் கடைசியாகத் தெரிவானவர் பெற்ற இசட் புள்ளியையே குறிக்கும். இதனை எவரும் முன்கூட்டி நிர்ணயிப்பதில்லை. அவ்வாண்டில் விண்ணப்பித்தோர் எவர், அவர்கள் எதை விரும்பினர், இடங்கள் எத்தனை என்பவற்றின் விளைவாகவே அது உருவாகின்றது. ஆகவே சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளி நமக்கு ஒரு குறிப்பு மாத்திரமே. இவ்வாண்டில் அது ஏறவும் கூடும், இறங்கவும் கூடும்.

இப்பொழுது அந்தத் தந்தையின் கேள்விக்கு வருவோம். முதல் விருப்பமாக எழுதியது கிடைக்காவிடின் இரண்டாவதும் பறிபோகுமா?

ஓர் எளிய உதாரணம் கூறுகின்றேன். சட்டத்துக்கு இரண்டு இடங்களும், கலைத்துறைக்கு ஓர் இடமும் மட்டுமே உள்ளன என்று வைத்துக்கொள்வோம். போட்டியிடுவோர் நால்வர். முதல்வரின் இசட் புள்ளி 1.8, இரண்டாமவர் 1.6, மூன்றாமவர் 1.5, நான்காமவர் 1.4. முதல் மூவரும் சட்டத்தை முதலாவதாகவும் கலையை இரண்டாவதாகவும் எழுதினர். நான்காமவர் மாத்திரம், "நான் முந்திக்கொள்வேன்" என்று எண்ணிக் கலையை முதலாவதாக எழுதினார். சட்டத்தின் இரண்டு இடங்களும் முதலிருவருக்குச் சென்றன. கலையின் ஓர் இடம் யாருக்கு உரியது? அதனை முதலாவதாக எழுதிய நான்காமவருக்கா, இரண்டாவதாக எழுதிய மூன்றாமவருக்கா?

மூன்றாமவருக்கே உரியது. ஏனெனில் அவருடைய புள்ளி 1.5, மற்றவருடையது 1.4. ஓரிடத்தை முதல் விருப்பமாக எழுதியமைக்காக எவருக்கும் ஒரு தசமமேனும் கூட்டித் தரப்படுவதில்லை. இரண்டாவதாக எழுதியமைக்காக எவரிடமிருந்தும் குறைக்கப்படுவதுமில்லை. ஒவ்வொரு மாணவருக்கும், அவருடைய புள்ளிக்கு எட்டக்கூடியவற்றுள் அவருடைய வரிசையிலே மேலே நிற்பது எதுவோ அதுவே கிடைக்கும்.

இன்னொரு விதமாகவும் நோக்குவோம். இரண்டாமவர் சட்டத்தை விடுத்து வேறொரு துறையை முதலாவதாக எழுதியிருந்தால் என்ன நிகழும்? சட்டத்தின் இரண்டாவது இடம் மூன்றாமவருக்கு வந்து சேரும். அவ்வாறு வந்து சேர்வதற்கு அவர் சட்டத்தை மேலே எழுதியிருத்தல் வேண்டும். அஞ்சிக் கலையை மேலே எழுதியிருந்தால், கதவு திறந்திருந்த போதும் அவர் அவ்வழியே செல்ல இயலாது. கலையிலே இடம் கிடைத்தவுடன் அவருக்குக் கீழுள்ள விருப்பங்கள் யாவும் கருத்திற் கொள்ளப்படாமற் போகும். ஆகவே அச்சத்தினால் வரிசையை மாற்றுபவர் எதையும் காத்துக்கொள்வதில்லை. தமக்கு வரவிருந்த ஒன்றை இழக்கும் அபாயத்தையே தேடிக்கொள்கின்றார்.

அவ்வாறாயின், இத்தனை பேருள்ளத்திலே இந்த அச்சம் எவ்வாறு புகுந்தது? அதற்கும் காரணம் உண்டு. உலகிலே வேறு சில அனுமதி முறைகளில் இந்த அச்சம் முற்றிலும் நியாயமானதே. அவற்றைப் பற்றி அரைகுறையாகக் கேள்விப்பட்டோர் அதே விதி இங்கும் செல்லும் என்று எண்ணி விடுகின்றனர்.

அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே அரசாங்கப் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் முறையில், முதல் விருப்பமாக எழுதியோருக்கே முதலில் இடம் தரப்பட்டது. எஞ்சினாற்றான் இரண்டாவதாக எழுதியோருக்கு. பெயர்பெற்ற பாடசாலையை முதலாவதாக எழுதி அது கிடைக்காத பிள்ளை, இரண்டாவதாக எழுதிய பாடசாலைக்குச் செல்லுமுன் அங்குள்ள இடங்கள் நிரம்பிவிடும். விவரம் அறிந்த பெற்றோர் கணக்குப் போட்டுத் தப்பினர். அறியாத பெற்றோரின் பிள்ளைகள் இடர்ப்பட்டனர். 2005ஆம் ஆண்டிலே அந்நகரம் இம்முறையைக் கைவிட்டது. அதற்குப் பதிலாக, உள்ளபடி விருப்பத்தை எழுதுவதே எவருக்கும் நன்மையாய் முடியும் மற்றொரு முறையை மேற்கொண்டது. டேவிட் கேல், லோயிட் ஷப்லி என்னும் இரு கணித அறிஞர் 1962ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்வொன்று அதற்கு அடிப்படையாயிற்று. இத்துறையிற் செய்த பணிக்காக ஷப்லியும், அல்வின் ரொத் என்னும் பொருளியலறிஞரும் 2012ஆம் ஆண்டிலே பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். பிள்ளைகளுக்கு இடம் பகிரும் சிறு காரியத்திலே எத்துணை பெரிய சிந்தனை அடங்கியுள்ளது என்பதை இதனால் உணரலாம்.

அமெரிக்கக் கல்லூரிகளிலே வேறொரு வழக்கமும் உண்டு. முன்முடிவு விண்ணப்பம் என்று அதனைத் தமிழிற் கூறலாம். மாணவர் ஒரே ஒரு கல்லூரியைத் தெரிந்து, பெரும்பாலும் நவம்பர் மாதத் தொடக்கத்திலேயே விண்ணப்பிப்பார். டிசம்பர் நடுப்பகுதியில் முடிவு தெரியும். இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வேன், ஏனைய விண்ணப்பங்களை விலக்கிக்கொள்வேன் என்று மாணவரும் பெற்றோரும் முன்னரே ஒப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். அந்த வாக்குறுதிக்கு அங்கே விலையுண்டு. முன்முடிவாக விண்ணப்பிப்போருக்குப் பல கல்லூரிகளில் வாய்ப்புக் கூடுகின்றது. 2003ஆம் ஆண்டிலே மூன்று ஆய்வாளர் இதனை ஆராய்ந்து ஒரு நூலே எழுதினர். முற்பட விண்ணப்பிப்பதனால் வரும் அனுகூலம், அந்நாட்டு நுழைவுப் பரீட்சையிலே ஏறத்தாழ நூறு புள்ளிகள் அதிகம் பெறுவதற்குச் சமம் என்று அவர்கள் கணித்தனர்.

இந்த முறையிலே வறிய குடும்பத்துப் பிள்ளைக்கு ஓர் இடர் உண்டு. எந்தக் கல்லூரி எவ்வளவு உதவிப் பணம் தரும் என்று ஒப்பிட்டுப் பார்க்குமுன்னரே ஒன்றுக்குத் தன்னைக் கட்டிக்கொள்ள வேண்டியுள்ளது. ஹாவர்ட், பிரின்ஸ்ரன் ஆகிய பல்கலைக்கழகங்கள் முற்கூட்டிய அனுமதியை நிறுத்துவதாக 2006ஆம் ஆண்டிலே அறிவித்தமைக்கு இத்தகைய குறைபாடுகளே காரணம். பிற கல்லூரிகள் பின்பற்றாமையால் 2011ஆம் ஆண்டிலே, மாணவரை இறுகக் கட்டுப்படுத்தாத வடிவில், அவை மீண்டும் அதனைத் தொடங்கின. நம் பிள்ளைகளுள் எவரேனும் அத்தேசத்துக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க எண்ணின், மூன்று கேள்விகளுக்கு விடை கண்ட பின்னரே முன்முடிவு விண்ணப்பத்திலே கையொப்பமிடுதல் வேண்டும். அக்கல்லூரி ஐயமின்றி முதல் விருப்பந்தானா? செலவை எவர் ஏற்பார்? உதவிப் பணம் போதாதாயின் வாக்குறுதியிலிருந்து விடுபட வழி உண்டா? இவற்றை எழுத்திற் கேட்டுப் பெறுதல் நலம்.

ஆக, அங்கே முதல் விருப்பம் என்பது ஒரு பேரம். இங்கே அது வெறும் விருப்பம். இரண்டையும் ஒன்றெனக் கருதுதல் கூடாது.

இதனை நான் நூல்களிலிருந்து மாத்திரம் கற்கவில்லை. என் தவற்றிலிருந்தும் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன்னர், எங்கள் பாடசாலையில் கலைப்பிரிவிலே பயின்ற மாணவி ஒருத்தி இதே கேள்வியுடன் என்னிடம் வந்தாள். அவளுக்குச் சட்டம் பயில ஆசை. சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளியிலும் அவள் புள்ளி சிறிது குறைவாக இருந்தது. நானோ கலைப்பட்டதாரி. எண்களோடு எனக்குப் பெரிய உறவு இல்லை. "முதலிடத்தை வீணாக்காதே மகள். கிடைப்பதை மேலே எழுது" என்று அறிவுரை கூறினேன். அவள் என் சொல்லைத் தட்டவில்லை. கலைத்துறை அவளுக்குக் கிடைத்தது. பின்னர் அவ்வாண்டின் வெட்டுப்புள்ளிகள் வெளியாயின. அம்பாறை மாவட்டத்துக்கான சட்டத்துறைப் புள்ளி முந்திய ஆண்டிலும் இறங்கி, அவளுடைய புள்ளிக்குக் கீழே நின்றது. அவள் என்னை ஒரு வார்த்தையேனும் குறை கூறியதில்லை. பட்டம் பெற்று இன்று நல்ல நிலையில் இருக்கின்றாள். ஆயினும் அந்தப் பட்டியலை நான் கண்ட நாள் இன்றும் என் நினைவிலே நிற்கின்றது. அதன் பின்னரே கைந்நூலை முதற் பக்கத்திலிருந்து இறுதிப் பக்கம் வரைக்கும் வாசிக்கத் தொடங்கினேன்.

சரி, விருப்ப வரிசையிலே பேரம் இல்லை என்றால், நம் நாட்டு மாணவருக்கு முன்முடிவு என்பதே கிடையாதா? உண்டு. ஆனால் அது விண்ணப்பப் படிவத்திலே இல்லை. வேறு மூன்று வாயில்களிலே இருக்கின்றது. அவற்றிலேதான் நாம் போதிய கவனம் செலுத்துவதில்லை.

முதலாவது வாயில், சாதாரணதரப் பரீட்சை முடிந்தவுடன் பாடத்துறையைத் தெரியும் வேளை. உயர்தரத்திலே எந்த மூன்று பாடங்களைப் பயில்கின்றோமோ அவை, பின்னர் எந்தக் கற்கைநெறிக்கு விண்ணப்பிக்கலாம் என்பதைப் பெரும்பாலும் அப்பொழுதே முடிவு செய்துவிடுகின்றன. உயிரியலைக் கைவிட்டவர் மருத்துவத்தைக் கைவிட்டவராவார். இணைந்த கணிதத்தை விட்டவருக்குப் பொறியியற் பீடத்தின் வழக்கமான வாயில் அடைபடும். சட்டத்துக்கோ ஒரு குறித்த பாடத்துறைதான் வேண்டும் என்பதில்லை. பதினாறு வயதுப் பிள்ளை, நண்பர் சென்ற வகுப்புக்கும், பெயர்பெற்ற தனியார் வகுப்பு ஆசிரியர் இருக்கும் இடத்துக்கும் சென்று அமர்வதற்கு முன்னர், கைந்நூலின் தகைமைப் பகுதியை ஒருமுறை பெற்றோருடன் சேர்ந்து வாசித்தல் வேண்டும். உயர்தரம் முடிந்த பின்னர் திறக்கப்படும் அந்நூலை, உயர்தரம் தொடங்குமுன்னரே திறப்பதுதான் முறை.

இரண்டாவது வாயில், பாடசாலை மாறும் வேளை. மாவட்டப் பங்கு பிறந்த ஊரைக் கொண்டு மாத்திரம் கணிக்கப்படுவதன்று. பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளிலே மாணவர் எந்த மாவட்டத்துப் பாடசாலையிற் பயின்றார் என்பது முக்கியமாகக் கொள்ளப்படும். எங்கள் பெரியநீலாவணையைக் கடந்து வடக்கே சென்றால் மட்டக்களப்பு மாவட்டம் தொடங்கிவிடும். கூப்பிடு தூரத்திலே இரு பாடசாலைகள் இரு வெவ்வேறு மாவட்டங்களைச் சேர்ந்தனவாக இருத்தல் கூடும். உயர்தரத்துக்காகப் பிள்ளையைக் கொழும்புக்கோ கண்டிக்கோ அனுப்ப எண்ணும் பெற்றோர், நல்ல ஆய்வுகூடத்தையும் ஆசிரியரையும் கணக்கிற் கொள்வதுடன், மாவட்டம் பற்றிய விதியையும் முன்கூட்டி வாசித்தறிதல் வேண்டும். சென்ற பின்னர் வருந்திப் பயனில்லை.

மூன்றாவது வாயில் மிகவும் கடினமானது. கிடைத்த இடத்தை ஏற்பதா, மீண்டும் பரீட்சை எழுதுவதா என்னும் வேளை அது. பல்கலைக்கழக அனுமதி நோக்கி ஒருவர் உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம். ஆனால் அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலே கற்கைநெறிக்குப் பதிவு செய்துகொண்டவர், பின்னர் எழுதிய பரீட்சையின் பெறுபேற்றைக் கொண்டு மறுபடியும் விண்ணப்பிப்பதனைப் பொதுவாக விதிகள் அனுமதிப்பதில்லை. ஆகவே பதிவுக் கையொப்பமே நம் நாட்டின் உண்மையான கட்டுப்பாடு. அமெரிக்க மாணவர் நவம்பரிலே இடும் கையொப்பத்துக்கு நிகரானது அது. அதற்குரிய விதிவிலக்குகளையும் காலக்கெடுவையும் அவ்வாண்டுக் கைந்நூலிலே பார்த்தறிந்த பின்னரே பதிவு செய்தல் வேண்டும்.

மீண்டும் எழுதுவது நன்றா என்று கேட்பின், அனைவர்க்கும் பொருந்தும் விடை இல்லை. மூன்று காரியங்களை நோக்குமாறு நான் சொல்வேன். எந்தப் பாடத்திலே புள்ளி சரிந்தது, ஏன் சரிந்தது என்பது தெளிவாகத் தெரிகின்றதா? நோய், வீட்டில் நேர்ந்த துயரம் போன்ற நீங்கிவிட்ட காரணமாயின் நம்பிக்கை கொள்ளலாம். காரணம் தெரியாமல் மீண்டும் எழுதுவோர் பலருக்கு அதே பெறுபேறே வருகின்றது. அடுத்து, அந்த ஓராண்டுக் காலத்தின் செலவை வீடு தாங்குமா? கடலை நம்பியும் வயலை நம்பியும் வாழும் குடும்பத்திலே ஓராண்டு என்பது சிறிய பொருளன்று. இறுதியாக, விரும்பிய தொழிலுக்கு வேறு வழி உண்டா? சட்டம் பயில விரும்புவோருக்கு 1980ஆம் ஆண்டிலே தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம் உண்டு. நுழைவுப் பரீட்சை வழியே சட்டக் கல்லூரியும் உண்டு. ஆசிரியத் தொழிலை விரும்புவோருக்கு அட்டாளைச்சேனையிலே தேசிய கல்வியியற் கல்லூரி உண்டு. ஒரு வாயில் அடைபட்டால் ஊரே அடைபட்டது என்று எண்ண வேண்டியதில்லை.

இவ்விடத்திலே எங்கள் பகுதிக்கே உரிய ஒரு காரியத்தையும் பேசியாக வேண்டும். அது பெண்பிள்ளைகளும் தூரமும் பற்றியது. 1942ஆம் ஆண்டிலே, இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்ற அதே ஆண்டில், கல்முனையிலே உதவி அரசாங்க அதிபராக இருந்தவர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள். இப்பகுதிப் பிள்ளைகளின் கல்வி நிலையைக் கண்ணாற் கண்ட அவர் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1945ஆம் ஆண்டிலே முஸ்லிம் மாணவருக்கென ஒரு புலமைப்பரிசில் நிதியமும் அவர் முயற்சியால் எழுந்தது. அக்காலத்திலே பல்கலைக்கழகம் என்றால் எங்கள் மக்களுக்கு எட்டாத் தூரம். 1981ஆம் ஆண்டிலே வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986ஆம் ஆண்டிலே கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. போர்க்காலத்து இடர்களிடையே, 1995ஆம் ஆண்டிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, அடுத்த ஆண்டிலேயே முழுப் பல்கலைக்கழகமாகி, ஒலுவிலிலே நிலைகொண்டது. இன்று கல்முனையிலிருந்து காலையிற் பேருந்தேறி மாலையில் வீடு திரும்பக்கூடிய தூரத்திலே ஒரு பல்கலைக்கழகம் இருக்கின்றது. இது பெரும் பேறு. ஆயிரக்கணக்கான பெண்பிள்ளைகள் பட்டம் பெற அது வழி செய்தது.

ஆயினும் அருகிலே ஒன்று இருப்பதனால், அதுவே அனைவருக்கும் முதல் விருப்பமாக இருக்க வேண்டும் என்று பெற்றோர் தாமே தீர்மானித்தல் முறையன்று. ஒலுவிலிலே சட்டத்துறை இல்லை. மருத்துவ பீடமும் இல்லை. மருத்துவத்துக்கு நமக்கு மிக அணித்தானது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மட்டக்களப்புப் பீடம். சட்டத்துக்குக் கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களுக்கே செல்லல் வேண்டும். தூரத்துக்கு அனுப்பத் தயங்கும் உம்மாவின் அச்சம் வெறும் பிடிவாதமன்று. விடுதி எவ்வாறு, துணை யார், செலவு எவ்வளவு என்பவை நியாயமான கேள்விகள். அவற்றைப் படிவம் நிரப்பும் இரவிலே எழுப்பினால் விடை கிடையாது, அழுகைதான் கிடைக்கும். அங்கே பயிலும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளை முன்னரே அழைத்துக் கேட்டறிதல் வேண்டும். மகாபொல புலமைப்பரிசில், பல்கலைக்கழக உதவிப் பணம், விடுதி வசதி ஆகியவை பற்றி உசாவுதல் வேண்டும். அதன் பின்னரும் அனுப்ப இயலாது என்று குடும்பம் கருதின், அந்த இடத்தைப் பட்டியலிலே எழுதாமல் விடுதலே நேர்மை. அனுப்ப மனமில்லாத இடத்தை எழுதி, அது கிடைத்த பின்னர் பதிவு செய்யாமல் விடுவோருக்குக் கீழேயுள்ள விருப்பங்களும் கிடையாமற் போகும்.

கேட்டவற்றை மறவாதிருக்கும் பொருட்டு வேலை முறையைச் சுருக்கமாகக் கூறுகின்றேன். முதலில், வெட்டுப்புள்ளிப் பட்டியலை மூடி வைத்துவிட்டு, பிள்ளை எதை விரும்புகின்றது என்பதை வரிசையாக ஒரு வெள்ளைத் தாளிலே எழுதச் செய்யுங்கள். இரண்டாவதாக, தகைமை இல்லாதவற்றையும், உறுதியாகச் செல்ல மாட்டோம் என்பவற்றையும் நீக்குங்கள். கட்டடக்கலை, மொழிபெயர்ப்பியல் போன்ற சில கற்கைநெறிகளுக்குத் தனியே உளச்சார்புப் பரீட்சை உண்டு. அவற்றுக்கு வேறாக விண்ணப்பிக்கத் தவறினால் பட்டியலில் எழுதிப் பயனில்லை. மூன்றாவதாக, இப்பொழுது வெட்டுப்புள்ளிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். வரிசையின் மேற்பகுதியை மாற்றுவதற்காக அன்று. அடிப்பகுதி போதிய நீளமாக உள்ளதா என்று அறிவதற்காக. கைக்கு எட்டாதவை மட்டுமே எழுதியிருப்பின், எட்டக்கூடிய சிலவற்றைக் கீழே சேர்த்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு வேண்டுவோர் அதனைப் பட்டியலின் அடியிலே தேட வேண்டும். தலையிலே தேடுதல் ஆகாது. நான்காவதாக, குறியீட்டு எண்களை ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்த்தல் வேண்டும். ஓர் எழுத்து மாறினால் பேராதனை கொழும்பாகிவிடும். குறித்த காலம் கடந்த பின்னர் வரிசையை மாற்ற இயலாது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

அன்று காலை என் அலுவலகத்துக்கு வந்த அந்தத் தந்தைக்கு, மேசை மேலிருந்த தாளிலே நால்வர் கணக்கை எழுதிக் காட்டினேன். அவர் இருமுறை அதனைப் பார்த்தார். "அப்படியானால் சட்டத்தை மேலே எழுதுவதால் நட்டம் எதுவும் இல்லையா, சேர்?" என்று கேட்டார். "நட்டம் இல்லை, தம்பி. ஆனால் கிடைத்தால் அனுப்ப வேண்டும். அதற்கு வீட்டிலே சம்மதமா என்பதை இன்றே பேசி முடியுங்கள்" என்றேன். அவர் மகளின் பக்கம் திரும்பினார். அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த அவள் நிமிர்ந்து, "வாப்பா, கொழும்பு கிடைத்தாலும் சரி, யாழ்ப்பாணம் கிடைத்தாலும் சரி, நான் போவேன்" என்றாள். "உம்மாவிடம் நான் சொல்கிறேன்" என்றார் அவர். இருவரும் எழுந்து சென்றனர். அவளுக்கு எது கிடைக்கும் என்பதை நான் அறியேன். அதனை நாடெங்கும் உள்ள பிள்ளைகளின் புள்ளிகள் தீர்மானிக்கும். ஆனால் அவளுடைய பட்டியல் அவளுடைய கையாலேயே எழுதப்பட்டது.

நேயர்களே, இவ்வாண்டு உங்கள் வீட்டிலும் அந்தக் கைந்நூல் விரிக்கப்படலாம். அப்பொழுது பிள்ளையிடம், "உனக்கு எது கிடைக்கும்?" என்று கேட்பதற்கு முன்னர், "உனக்கு எது வேண்டும்?" என்று ஒருமுறை கேளுங்கள்.